டிஸ்குக்குப் பேர் வைச்சுப் பட்ட பாடு: உங்கட அனுபவத்தையும் எழுதுங்கோ

நல்லூரான்
2002இல ஏ-9 பாதை திறந்த காலம். யாழ்ப்பாணத்தில ஒரு அச்சகத்தில ரைப்செற்றிங் செய்தனான். கூடுதலா வாறது 31ஆம் நாள் கல்வெட்டு (செத்தவையின்ர நினைவுப் புத்தகம்) வேலைதான். வீட்டுக்கு ஒரு புளொப்பி டிஸ்க். மேல ஒட்டுற ஸ்ரிக்கரில தமிழ் எழுதலாம், உள்ளுக்கு வைக்கிற பேர்தான் வில்லங்கம்.

டிஸ்கைத் துடைச்சு ஆயத்தப்படுத்துற ஃபோமற் முடிய டொஸ் (அந்தக்கால ஒப்பரேற்றிங் சிஸ்ரம்) பேர் கேக்கும். 11 எழுத்துக்கு மேல ஏறாது. ஃபைல் பேருக்கு 8, அதின்ர வாலுக்கு (.doc மாதிரி) 3 எண்டு ஒதுக்கின இடத்துக்குள்ளதான் டிஸ்கின்ர பேரையும் எழுதுறது. ஊர்ப் பேரை வைப்பம் எண்டால், சுன்னாகத்துக்கு இங்கிலீசில 9 எழுத்து. முன்னால 31உம் ஒரு இடைவெளியும் போட்டால் 12. இடைவெளியை எடுத்துப்போட்டு ஒட்டி அடிப்பம்.

தமிழிலயே வைப்பம் எண்டு பாமினிக் கட்டையில (உள்ளுக்கு இங்கிலீசு எழுத்தாக் கிடக்கிறதைத் தமிழாக் காட்டுற எழுத்துரு) அடிச்சால் இன்னும் மோசம். பாமினியில மெய்யெழுத்துக்குப் புள்ளி போடுறது ; கட்டை. இ எண்டால் கொமா, ஜ எண்டால் [. மூண்டும் டிஸ்க் பேரில தடை. விண்டோஸ் 95க்குப் பிறகு ஃபைல் பேரில இதுகளை விட்டவங்கள், டிஸ்குக்கு மட்டும் பழைய சட்டம்தான். புள்ளியில்லாமல் என்னத்தைத் தமிழ் எழுதுறது?

சரி, புள்ளியை விடுவம். டொஸ் எல்லாத்தையும் பெரிய எழுத்தாக்கிப்போடும். பாமினியில சின்ன எழுத்து ஒண்டு, பெரிய எழுத்து வேற ஒண்டு. கமலம் எண்டு அடிச்ச பேரை வேர்ட்டில ஒட்டி பாமினிக்கு மாத்திப் பாருங்கோ: "குமுலுமு". செத்த வீட்டுக்காரருக்கு இதைக் காட்டேலுமே!

தென்மராட்சிப் பொடியன்
அண்ணை, எனக்கு ஹாட் டிஸ்கைத் துண்டு பிரிக்கிற எஃப்டிஸ்க்கோடதான் சண்டை. பார்ட்டிஷனை (பிரிச்ச துண்டை) அழிக்க முதல் அதின்ர பேரை அடிச்சுக் காட்டச் சொல்லும், பிசகினால் அழிக்காது. பழைய மெஷின் ஒண்டில ஆரோ ஆல்ட்டை அமத்திக்கொண்டு 255 அடிச்சு, கண்ணுக்குத் தெரியாத எழுத்தொண்டைப் பேருக்குள்ள செருகி வைச்சிருந்தவை. பார்த்தால் வெறும் இடைவெளி மாதிரி. லேபல் கட்டளையால வேற பேர் வைச்சுப்போட்டுத்தான் அழிச்சது.

கொக்குவில் ரீச்சர்
இப்பவும் ஃபாற்32 முறையில ஃபோமற் பண்ணின பென்டிரைவுக்குத் தமிழ்ப் பேர் வைக்கேலாது தம்பி. என்ரிஎஃப்எஸ் முறை எண்டால் 32 எழுத்து வரை விடும். எக்ஸ்ஃபாற் முறையும் தமிழை ஏற்கும், ஆனால் அதுக்கும் 11தான். புள்ளி, விசிறி, கால் எல்லாம் தனித்தனிக் கணக்கு. பிள்ளையளுக்குக் கரும்பலகையில எண்ணிக் காட்டினனான்: "யாழ்ப்பாணம்" சரியா 11.

நல்லூரான்
அப்ப பருத்தித்துறையார் பாவம், ரீச்சர். இப்பதான் எண்ணினன், 13 வருகுது.