புதுப்பிப்பு: ரோஜாவின் இலையுதிர்வுக்குக் காரணம் கரும்புள்ளி நோய்

வசந்தத் தொடக்கத்தில் என் ரோஜாச் செடியின் அடியிலைகள் மஞ்சளாகி உதிர்வதைக் கூறி, உரம் போதவில்லையோ என்று இங்கே கேட்டிருந்தேன். அது உரக்குறை அன்று, பூஞ்சையால் வரும் கரும்புள்ளி நோய். உதிர்ந்த இலையொன்றை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது, கறுப்புப் புள்ளியின் விளிம்பு தாளில் மை ஊறியதுபோல் இழையிழையாகப் பிரிந்திருந்தது. இந்தப் பூஞ்சையின் வித்துகள் முளைத்துத் தொற்ற, இலை தொடர்ந்து சுமார் 7 மணி நேரம் ஈரமாக இருக்க வேண்டும் என்பதால், மாலையில் பூவாளியால் செடியின் தலையில் ஊற்றிய என் பழக்கமே (பெருமையாக வேறு செய்துவந்தேன்) அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. இப்போது காலையில் வேரடியில் மட்டும் நீர் விடுகிறேன். உதிர்ந்த இலைகளில் பூஞ்சை அடுத்த பருவம்வரை தங்கும் என்பதால், அவற்றைப் பொறுக்கி, உரக்குழியில் போடாமல் அப்புறப்படுத்தினேன். புள்ளி விழுந்த இலை எந்த மருந்துக்கும் தேறாது. பூஞ்சைக்கொல்லி புதுத் தளிரைக் காக்க மட்டுமே உதவும். மூன்று வாரங்களாக வந்த தளிர்களில் இதுவரை புள்ளி இல்லை.