புதுப்பிப்பு: கடலோர மண்டபம் ஊரில் வாங்கிய பழைய பைக் ஸ்டார்ட் ஆகிவிட்டது

ரொம்ப நாள் கொட்டகையில் கிடந்த 100 சிசி வண்டி, சோக் (காற்றைக் குறைத்து பெட்ரோலைக் கூட்டும் லிவர்) போட்டால் மட்டும் உயிர் வந்து உடனே அணைகிறது என்று கேட்டிருந்தேன் இல்லையா? பைலட் ஜெட் (ஐடிலில் ஓட கார்புரேட்டருக்குள் பெட்ரோல் விடும் சிறு குழாய்) அடைப்புதான். பழைய பெட்ரோல் காய்ந்து பிசினாகி, அந்த ஊசிமுனைத் துளையையே மூடியிருந்தது. கார்புரேட்டர் கிளீனர் அடித்து, காற்று ஊதி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோதுதான் துளை கண்ணில் பட்டது. கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும்.

அப்புறம், பேட்டரியை மாற்றச் சொன்னவர்களுக்கு: பேட்டரி 12.6 வோல்ட், அதாவது முழு சார்ஜ் காட்டியும் செல்ஃப் ஸ்டார்ட்டர் 'டிக்' என்பதோடு நின்றது. நம்ம உப்புக்காற்றின் வேலை! எர்த் ஒயர் (பேட்டரி நெகட்டிவை வண்டி பாடியோடு இணைப்பது) முனை பச்சை பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, வாசலின் தடவினேன், இப்போது செல்ஃப் இன்ஜினை இழுக்கிறது.

டேங்கில் துரு இன்னும் இருக்கிறது. இப்போதைக்கு பெட்ரோல் ஃபில்டர் போட்டு ஓட்டுகிறேன்.