புதுப்பிப்பு: கொட்டும் மழையில் கொச்சி, போய் வந்தாச்சு

ஜூலை மழையில் கொச்சி பார்க்கப் போகலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். பாதிப் பேர் வேண்டாம் என்றீர்கள். போய் வந்தேன், தாராளமாகப் போகலாம்.

பயணத்தை ஞாயிறும் திங்களும் வைத்துக்கொள்ளச் சொன்னவருக்குத் தனி நன்றி. மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை. யூத ஜெபாலயத்தில் வெள்ளி, சனி இரண்டு நாளும் பார்வையாளர்களை விடுவதில்லை.

உயர்நீதிமன்றப் படகுத்துறையிலிருந்து வாட்டர் மெட்ரோ படகில் ஃபோர்ட் கொச்சி போனோம். கண்ணாடிக்கு வெளியே காயல் முழுக்க மழை, உள்ளே சொட்டு நனையவில்லை.

மழைக்கு ஒதுங்கவே பிரான்சிஸ் தேவாலயத்துக்குள் நுழைந்தோம். 1524இல் இறந்த வாஸ்கோ டகாமாவை முதலில் புதைத்த இடம். பிறகு உடலைப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எனக்கு அந்தக் கல்லறையைவிட, மேலே வரிசையாகத் தொங்கும் துணி விசிறிகள்தான் பிடித்தன. கயிறு சுவர் வழியாக வெளியே போகிறது. அந்தக் காலத்தில் வெளியே உட்கார்ந்து ஆள் இழுப்பாராம். உள்ளே இருந்தவர்களுக்குக் காற்று, இழுத்தவருக்கு வெயிலும் மழையும். அதை நினைக்காமல் அங்கே நிற்க முடியவில்லை.

1568இல் கட்டிய ஜெபாலயத்தில் தரையைப் பாருங்கள். சீனாவிலிருந்து வந்த நீல வெள்ளை ஓடுகள், எல்லாம் கையால் வரைந்தவை. செருப்பைக் கழற்றித்தான் போக வேண்டும், அதனால் ஷூ வேண்டாம். அரண்மனையில் ராமாயணச் சுவரோவியங்களுக்கு நிதானமாக ஒரு மணி நேரம் கொடுங்கள்.

அப்புறம், குடையைவிட மழைக்கோட்டு மேல். கடற்கரைக் காற்று குடையைத் திருப்பிவிடுகிறது.