மறு: பிரஷர் அல்சர் – படுக்கைப் புண்ணா, அழுத்தப் புண்ணா?

> ‘அழுத்தக் காயம்’ என்றால் பிரஷர் இஞ்சுரிக்கு நேராக வந்துவிடுமே?

ஒரே இடத்தில் நெடுநேரம் அழுத்தம் விழுந்து தோலும் அடிச்சதையும் கெடுவதைத்தான் ஆங்கிலத்தில் பிரஷர் அல்சர், பிரஷர் இஞ்சுரி என்கிறார்கள்; அதற்குத்தான் இங்கே தமிழ்ச் சொல் தேடுகிறோம். ‘அழுத்தக் காயம்’ நேராக வரும், சரி. ஆனால் காயம் என்றதும் கிழிந்த தோலும் ரத்தமும்தானே நினைவுக்கு வருகிறது. 2016-ல் அமெரிக்காவின் தேசிய அழுத்தப் புண் ஆலோசனைக் குழு அல்சரை விட்டு இஞ்சுரிக்கு மாறியதற்கு ஒரு காரணமே, முதல் நிலையில் தோல் கிழியாமல் இருக்கும், அதை அல்சர் என்பது பொருந்தாது என்பதுதான். காயம் என்று வைத்தால் சுற்றிவந்து அதே இடத்தில் நிற்போம்.

‘படுக்கைப் புண்’ எல்லாருக்கும் தெரிந்த சொல், வீட்டாரிடம் பேச அதுவே போதும். பராமரிப்புப் பணியாளர் பயிற்சியில்தான் இடிக்கிறது. நாள் முழுக்க நாற்காலியில் இருக்கும் முதியவருக்குப் பிட்டத்து எலும்பின் மேல் வரும், ஆக்சிஜன் குழாய் அழுத்திக் காதுக்குப் பின்னாலும் வரும். படுக்கை என்று சொல்லிக்கொடுத்தால், ஆளை எழுப்பி உட்காரவைத்தாச்சு, இனிக் கவலையில்லை என்று விட்டுவிடுவார்கள்.

என் பரிந்துரை: முதல் நிலைக்கு மட்டும் ‘அழுத்தக் கன்றல்’. செருப்பு கடித்த இடத்தைக் கன்றிப் போச்சு என்கிறோமே, அதுதான். விரலால் சில நொடி அழுத்தி எடுத்தால் சிவப்பு வெளுக்க வேண்டும், வெளுக்காவிட்டால் கன்றல். கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது, வெளுப்பதும் தெரியாது. சூடும் இறுக்கமும் பக்கத்துத் தோலிலிருந்து மாறுபடுகிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். கன்றல் என்ற சொல் நிறத்தை மட்டும் பிடித்துத் தொங்காதது இங்கே வசதி. (அந்த இடத்தைத் தேய்த்துவிடும் பழக்கத்தையும் சேர்த்தே நிறுத்த வேண்டும், அது இன்னும் கெடுக்கும்.)

எலும்பு தெரியும் நாலாம் நிலையைக் கன்றல் என்றால் சிரிப்பார்கள். தோல் விட்டபின் அழுத்தப் புண் என்றே இருக்கட்டும். ஒரே நோய்க்கு இரண்டு பெயரா என்று கேட்பீர்கள். புண் ஆகுமுன் பார்க்கவைப்பதற்குத்தானே வகுப்பே எடுக்கிறோம்.

இன்னொன்றில் சிக்கியிருக்கிறேன்: ஆங்கிலத்தில் ஷியர் (shear) என்பதற்கு என்ன சொல்வது? தலைமாட்டை உயர்த்தினால் ஆள் மெல்லச் சரிகிறார், தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு கீழே இறங்குகிறது, இடையில் ரத்தக்குழாய்கள் இழுபட்டு நசுங்குகின்றன. இயற்பியலின் ‘சறுக்குப்பெயர்ச்சி’ வகுப்பில் வாயில் நுழையவில்லை. உராய்வு என்றால் அது வேறு. இப்போதைக்கு ‘சரிவிழுப்பு’ என்று ஓட்டுகிறேன், இதைவிட நல்லது இருந்தால் கொடுங்கள்.