எங்கள் வாசலைப் பார்க்கும் கமரா: யாரிடம் முறையிடுவது?

வெள்ளவத்தையில், தொடர்மாடி ஒன்றின் நான்காம் மாடியில் வசிக்கிறோம். கடந்த பெப்ரவரியில் எதிர்வீட்டார் தம் கதவுக்கு மேலே பொருத்திய, அசைவைக் கண்டால் தானாகத் திரும்பி ஒலியையும் சேர்த்துப் பதியும் வைஃபை கமரா, நாங்கள் கதவைத் திறந்தாலே வரவேற்பறையின் உள்வரை பார்க்கிறது. காற்றுக்காகக் கதவைத் திறந்துவைத்து வாசலருகே அமரும் அம்மா, இப்போது குப்பைப் பையை வெளியே வைக்கக்கூடச் சேலைத் தலைப்பால் முகத்தை மறைத்துக்கொண்டு போகிறார். அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

நேரில் கேட்டபோது கள்வர் பயம் என்றார்கள். கோணத்தை மாற்றும்படி எழுதிய கடிதத்துக்குப் பதிலில்லை. முகாமைத்துவக் குழு தலையிட மறுத்தது. பொலிஸார் பேசித் தீர்க்கச் சொன்னார்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தனிநபர் வீட்டுத் தேவைக்காகச் செய்யும் பதிவுகளுக்கு விலக்களிக்கிறது.

இந்நிலையில், அந்தக் கமராவை எங்கள் வாசலிலிருந்து திருப்பவைக்க, கொழும்பில் எந்த அலுவலகத்தில் எழுத்துமூலம் முறைப்பாடு செய்யலாம்?