பறவைத் தீனிப் பெட்டியை அணில்களிடமிருந்து காப்பது எப்படி?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். வீட்டின் பின்புறத் தோட்டத்தில் ஓராண்டாகச் சிறு பறவைகளுக்குத் தீனி வைத்து வருகிறேன். அவை வந்து கொத்துவதைப் பார்ப்பதற்காகவே காலையில் அரை மணி நேரம் முன்னதாக எழுகிறேன். ஆனால் கடந்த நான்கு மாதங்களாக நான் வைக்கும் தீனியில் பெரும்பகுதி அணில்களுக்கே போகிறது.

முதலில் பெட்டியை மரக்கிளையில் கயிற்றால் தொங்கவிட்டிருந்தேன். கயிற்றைக் கடித்து அறுத்து, கீழே விழுந்த பெட்டியைக் காலி செய்துவிட்டன. கயிற்றுக்குப் பதில் கம்பி கட்டினேன். கம்பி வழியே தலைகீழாக இறங்கி வந்தன. அதன் பிறகு தோட்டத்தில் ஓர் இரும்புக் குழாயை நட்டு, அதன் உச்சியில் பெட்டியைப் பொருத்தினேன். இரண்டு நாள் ஓர் அணிலும் வரவில்லை. மூன்றாம் நாள், 5 அடி தள்ளியிருக்கும் மதிலின் மேலிருந்து ஒன்று தாவிப் பெட்டியின் கூரையில் வந்து இறங்கியது. பிளாஸ்டிக்கால் ஆன பெட்டி என்பதால் துளையின் விளிம்பைக் கடித்துப் பெரிதாக்கிவிட்டன. இப்போது விதைகள் தாமாகவே கொட்டுகின்றன.

குழாயில் மசகு பூசச் சொல்கிறார் ஒருவர். விதையில் மிளகாய்த்தூள் கலக்கச் சொல்கிறார் இன்னொருவர். கூண்டு வைத்துப் பிடித்துத் தொலைவில் விட்டுவிடச் சொல்கிறார் மூன்றாமவர். அணில்களுக்குத் தீங்கு செய்ய எனக்கு மனமில்லை. பறவைகளை இழக்கவும் விருப்பமில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1

உங்கள் மூன்று முயற்சிகளும் ஏன் பலிக்கவில்லை என்பதற்கு அணிலின் உடலமைப்பே விடை சொல்கிறது. மர அணிலின் பின்னங்கால் கணுக்கால் முழுவதுமாகப் பின்புறம் திரும்பக்கூடியது. அதனால் அது பின்னங்கால் நகங்களை மேற்புறமாகப் பதித்துக்கொண்டு தலைகீழாக இறங்கவும், அதே நிலையில் தொங்கியபடி முன்னங்கால்களால் விதையை எடுத்து உண்ணவும் முடிகிறது. பற்களும் அப்படித்தான். வெட்டுப்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. அவற்றின் முன்பக்க எனாமல் கடினமாகவும் பின்பக்கம் மென்மையாகவும் இருப்பதால், கடிக்கக் கடிக்க உளியைப் போலக் கூர்மை பெறுகின்றன. எனவே கயிறு, மரம், பிளாஸ்டிக் ஆகிய மூன்றையும் மறந்துவிடுங்கள். பெட்டி உலோகத்தால் ஆனதாக இருக்க வேண்டும். குறைந்தபட்சம் துளைகளைச் சுற்றியாவது உலோக வளையம் வேண்டும்.

இனித் தூரத்தைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் சிக்கலின் உயிர்நாடி அதுதான். பறவைகளுக்குத் தீனி வைப்பவர்கள் நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கும் கணக்கு 5, 7, 9 என்பது. பெட்டி தரையிலிருந்து 5 அடிக்கு மேல் இருக்க வேண்டும். மரம், மதில், வேலி எதுவாயினும் பக்கவாட்டில் 7 அடிக்கு அப்பால் இருக்க வேண்டும். தலைக்குமேல் உள்ள கிளைக்கும் பெட்டிக்கும் இடையே 9 அடி இருக்க வேண்டும். பக்கவாட்டுக்கு 10 அடி வையுங்கள் என்றே நான் சொல்வேன், ஏனெனில் மதில் பெட்டியைவிட உயரமாக இருந்தால் தாவும் தூரமும் கூடும். உங்கள் 5 அடி அதற்கு ஓர் இடைவெளியே அல்ல.

தாவுவதில் அவை காட்டும் தேர்ச்சியைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நரியணில்களை வைத்துச் செய்த ஆய்வொன்று 2021இல் வெளிவந்தது. கிளை எவ்வளவு வளையும், இடைவெளி எவ்வளவு என்ற இரண்டையும் எடைபோட்டு அணில் தாவுகிறது. இறங்குவதில் பிழை நேர்ந்தால் சில முயற்சிகளிலேயே திருத்திக்கொள்கிறது. தூரம் அதிகமானால் பக்கத்துச் சுவரில் காலூன்றி வேகத்தைச் சரிசெய்துகொள்கிறது என்று அந்த ஆய்வு காட்டியது. ஒருமுறை எட்டிவிட்ட பெட்டியை அது கைவிடாது என்பதால், அடுத்த மாற்றத்தை அரைகுறையாகச் செய்யாமல் ஒரேயடியாகச் செய்யுங்கள்.

குழாயில் ஏறுவதைத் தடுக்க, பெட்டிக்குக் கீழே வழவழப்பான தகரக் குழல் ஒன்றைப் பொருத்துங்கள். 2 அடி நீளமும், அணில் கட்டிப்பிடிக்க முடியாத பருமனும், அடைத்த மேல்வாயும் அதற்கு வேண்டும், அடிவாய் திறந்திருக்கலாம். குழலின் மேல்முனை தரையிலிருந்து நாலரை அடியாவது உயரத்தில் இருக்கட்டும். தாழ்வாக வைத்தால் நின்ற இடத்திலிருந்தே எம்பி அதைக் கடந்துவிடும்.

மறுமொழி 2

குழாயில் மசகு பூசுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தப் பிசுக்கு அணிலின் மயிரில் ஒட்டினால் குளிரையும் ஈரத்தையும் தாங்கும் திறனை அது இழக்கிறது; நக்கிச் சுத்தம் செய்யும்போது வயிற்றுக்குள்ளும் போகிறது. பறவையின் இறகில் பட்டாலோ அது பறப்பதே கடினம். நீங்கள் யாருக்காகத் தீனி வைக்கிறீர்களோ அவற்றுக்கே கேடு விளையும்.

மிளகாய் யோசனைக்கு உண்மையான அறிவியல் அடிப்படை உண்டு. காரத்துக்குக் காரணமான கேப்சைசின், நரம்பு முனைகளில் உள்ள டிஆர்பிவி1 என்ற புரதத்தைத் தூண்டுவதால்தான் நமக்கு எரிகிறது. டேவிட் ஜூலியஸ் தலைமையிலான குழு 1997இல் இந்தப் புரதத்தை அடையாளம் கண்டது. பின்னர் 2021இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. பறவைகளுக்கும் இதே புரதம் இருக்கிறது, ஆனால் அது கேப்சைசினுக்கு அசையாது என்பதை 2002இல் அவரும் உடன் ஆய்வாளரும் காட்டினார்கள். ஆகவே பறவை காரத்தை உணராமல் உண்ணும். பாலூட்டியான அணிலுக்கு எரியும்.

அப்படியிருந்தும் இதை முதல் வழியாக நான் பரிந்துரைக்க மாட்டேன். தூள் விதையில் சரியாக ஒட்டுவதில்லை, ஒரு மழையில் கரைந்துவிடுகிறது, காற்றடித்தால் உங்கள் கண்ணிலேயே விழுகிறது. அந்தத் தூள் அணிலின் கண்ணுக்குள் போனால் அது படும் வேதனையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். சூரியகாந்தி விதைக்குப் பதிலாகக் குசும்பா விதை வைத்துப் பாருங்கள். அதன் கசப்பு பெரும்பாலான அணில்களுக்குப் பிடிப்பதில்லை. வேறு நல்ல தீனி அருகில் கிடைக்கும் வரையில் அதைத் தொடாமல் போய்விடுகின்றன.

மறுமொழி 3

மேலே இருவரும் சொன்னவற்றோடு எனக்கு உடன்பாடுதான். ஆனால் உங்கள் தோட்டத்துக்கு வருவது எந்த அணில் என்று யாரும் கேட்கவில்லை. சாம்பல் அணில் ஏறக்குறைய அரை கிலோ எடை உள்ளது. முதுகில் கோடுகள் உள்ள சிறிய அணிலோ 100 கிராம் அளவுதான்.

எடை கூடினால் துளை தானாக மூடிக்கொள்ளும் விற்சுருள் பெட்டிகள் பெரிய அணிலிடம் நன்றாக வேலை செய்கின்றன, ஏனென்றால் 30 கிராம் குருவிக்கும் அரை கிலோ அணிலுக்கும் உள்ள வேறுபாட்டை எந்த விற்சுருளும் அறியும். சிறிய அணிலைத் தடுக்கும் அளவுக்கு அதை இளக்கிவிட்டால், அதைவிடக் கனமான புறாவுக்கும் கதவு மூடிவிடும். கம்பிக்கூடு சூழ்ந்த பெட்டியின் நிலையும் இதுவே: ஒன்றரை அங்குல இடைவெளி பெரிய அணிலை வெளியே நிறுத்தும், சிறியது அதன் வழியே நுழைந்து உள்ளே உட்கார்ந்து உண்ணும். எனவே எதையும் வாங்குவதற்கு முன் வருவது எது என்று பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

வருபவை பெரிய சாம்பல் அணில்கள்தாம். குழாயைப் பிடுங்கி, மதிலிலிருந்து 11 அடி தள்ளி நட்டுவிட்டேன். தகரக் குழலும் தயாராகிறது. பழைய இடத்திலேயே ஒரு விற்சுருள் பெட்டியை வைத்துத் தீர்த்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். அணில் கூரையில் நின்றபடியே எடையைத் தாங்கிக்கொண்டு தலையை மட்டும் தாழ்த்தினால் என்ன ஆகும் என்று யோசித்ததும், தூரமே முதன்மை என்பது புரிந்தது. ஆனால் கூண்டு வைத்துப் பிடிப்பது பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லையே? அக்கம்பக்கத்தார் அதையே வற்புறுத்துகிறார்கள்.

மறுமொழி 4

நான் கூண்டு வைத்தவன்; அதனால் சொல்கிறேன். இரண்டு அணில்களைப் பிடித்துச் சில கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒரு தோப்பில் விட்டேன். மூன்றாம் நாள் கூரையின் மரச்சட்டத்துக்கு இடையிலிருந்து மெல்லிய கீச்சொலி கேட்டது. கண் திறக்காத குஞ்சுகள் மூன்று இருந்தன. அவற்றைக் காப்பாற்ற என்னால் முடியவில்லை. அந்தக் குற்றவுணர்ச்சி இன்றும் என்னைவிட்டுப் போகவில்லை.

அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். குடியிருப்புப் பகுதிகளில் பிடித்துக் காட்டில் விடப்பட்ட சாம்பல் அணில்களைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2004இல் வெளியானது. மூன்று மாதங்களுக்குள் அவற்றில் ஏறத்தாழ எல்லாமே இறந்துவிட்டன அல்லது அந்த இடத்திலிருந்து காணாமல் போய்விட்டன. இதில் வியப்பில்லை. சாம்பல் அணில் தன் உணவை ஒரே இடத்தில் குவிக்காமல், இங்கொன்றும் அங்கொன்றுமாக மண்ணில் புதைத்து வைக்கிறது. புதைத்த இடங்களை மோப்பத்தால் மட்டுமன்றி நினைவாலும் கண்டுபிடிக்கிறது என்பதை 1991இல் லூசியா ஜேக்கப்ஸ், எமிலி லிமன் ஆகிய இருவரும் சோதித்துக் காட்டினார்கள். அந்த இடத்தை விட்டு அதைத் தூக்கிச் செல்வது, அதன் சேமிப்பையும், கூட்டையும், பதுங்கும் வழிகளையும் ஒரே நாளில் பறிப்பதாகும். போய் இறங்கும் இடத்திலோ ஏற்கெனவே வேறு அணில்கள் இருக்கும்.

இதனால் உங்களுக்கும் பயனில்லை. தீனி கிடைக்கும் தோட்டம் காலியாக இருப்பதில்லை; பக்கத்து மரத்து அணில் அந்த இடத்துக்கு வந்துவிடும். பல நாடுகளில் இப்படிப் பிடித்து இடம் மாற்றுவது சட்டப்படி குற்றம் என்பதையும் அக்கம்பக்கத்தாரிடம் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

நீங்கள் எழுதியதைப் படித்து மனம் கனத்துப்போனது, பகிர்ந்ததற்கு நன்றி. கூண்டு யோசனையை முற்றிலும் கைவிட்டேன்.

தகரக் குழலைப் பொருத்தி மூன்று வாரம் ஆகிறது. முதல் வாரத்தில் ஓர் அணில் குழாயில் ஏறிக் குழலின் திறந்த அடிவாய்க்குள் புகுந்து, மேலே வழியில்லாமல் அப்படியே திரும்பி இறங்கியது. நாளுக்கு ஆறேழு முறை அதையே செய்தது. தலைக்குமேல் 8 அடியில் இருந்த ஒரு கிளையிலிருந்து குதிக்கவும் முயன்றது. அந்தக் கிளையைக் கழித்துவிட்டேன். இப்போது பறவைகள் சிந்தும் விதைகளை மட்டும் கீழே உட்கார்ந்து பொறுக்குகின்றன. அதை அப்படியே விட்டுவிடலாமா?

மறுமொழி 1

விடலாம், சிந்தியது அவற்றின் பங்காக இருக்கட்டும். ஆனால் மாலையில் மிச்சத்தைக் கூட்டி அள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் இரவில் எலி வரும். சூரியகாந்தித் தோடு குவிந்த இடத்தில் புல் சரியாக வளராது என்பதால் அதையும் சேர்த்தே அள்ள வேண்டும். அந்தக் கிளை மீண்டும் துளிர்த்து நீளும். ஒவ்வொரு பருவத்திலும் ஒருமுறை 9 அடி இருக்கிறதா என்று அளந்து பாருங்கள்.