கொரோனாவில் ஆஸ்பத்திரிக்கு உதவப் போன கம்பெனி ஆட்கள் இப்போது என்ன செய்யலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்க

நொய்யல்கரை:
வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் வேலை பார்க்கிறேன். 2020இல் பல கம்பெனிகள் பனியனை ஓரம் வைத்துவிட்டு மாஸ்க்கும் கவச உடையும் தைத்தது ஞாபகம் இருக்கும், நாங்களும் தைத்தோம். அடுத்த வருசம் மே மாதம், முழு ஊரடங்கில் கம்பெனி பூட்டிக் கிடந்தபோது எங்கள் ஆட்கள் பதினோரு பேர், கட்டிங் மாஸ்டரில் இருந்து செக்கிங் அக்கா வரைக்கும், யாரும் சொல்லாமலே ஒரு ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றார்கள். வீட்டிலிருந்து வரும் சாப்பாட்டை வாங்கி, பை மேல் பிளாஸ்திரி ஒட்டி, பெயரும் பெட் நம்பரும் மார்க்கரில் எழுதி உள்ளே அனுப்புவதுதான் முதல் வேலை. இரண்டாம் நாளே ஒன்று தெரிந்தது: வாசலில் அழுதுகொண்டு நின்றவர்களில் பாதிப் பேர், உள்ளே இருப்பவரின் செல்போன் அணைந்து போனதால் என்னமோ ஏதோ என்று பதறியவர்கள். வார்டில் சார்ஜ் போட பிளக் போதவில்லை. எங்கள் எலக்ட்ரீஷியன் கம்பெனியில் கிடந்த சாமான்களை வைத்து, எட்டு பிளக் உள்ள பெட்டி நான்கு செய்து கொடுத்தார். ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியன் சரிபார்த்து, ஆக்சிஜன் லைனுக்குத் தள்ளி மாட்டினார். அன்று ராத்திரி வாசலில் கூட்டம் பாதியானதை நான் பார்த்தேன்.

இப்போது முதலாளி, விருப்பப்பட்டவர்கள் மாதம் ஒரு நாள் சிப்ட் சம்பளத்தோடு ஆஸ்பத்திரி உதவிக்குப் போகட்டும் என்கிறார். மனசாரத்தான் சொல்கிறார். ஆனால் போய் என்ன செய்வது? ஓரிடத்தில் கேட்டதற்கு "பழமும் பிரெட்டும் கொடுத்துட்டு போட்டோ எடுத்துக்கங்க" என்றார்கள். மனசு விட்டுப் போச்சு. வார்டில் வேலை பார்ப்பவர்கள் யாராவது சொல்லுங்க, எங்களால் உண்மையில் ஆகும் வேலை எது, எதில் கை வைக்கக் கூடாது?

வார்டுபக்கம்:
நான் ஸ்டாப் நர்ஸ். 2020, 2021 இரண்டு வருசமும் கோயம்புத்தூரில் கொரோனா வார்டில் இருந்தேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கு, பொறுத்துக்குங்க அண்ணா.

நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் நோயாளியைப் பார்த்துக்கொள்வதில் பாதி வேலை நர்ஸ் செய்வதில்லை, கூட இருக்கிற அட்டெண்டர் செய்கிறார். சோறு ஊட்டுவது, தண்ணீர் கொடுப்பது, பாத்ரூம் கூட்டிப்போவது, ரத்தச் சீட்டை எடுத்துக்கொண்டு லேபுக்கு ஓடுவது, "சிஸ்டர், பாட்டில் தீரப்போகுதுங்க" என்று வந்து சொல்வது, எல்லாம் அவர்தான். இந்த வேலைகளை யாரும் கணக்கில் எழுதியதே இல்லை. கொரோனா வந்து அட்டெண்டர் அத்தனை பேரையும் வெளியே நிறுத்தியபோதுதான் எங்களுக்கே அது உறைத்தது. கவச உடை போட்டுவிட்டால் ஆறு மணி நேரம் தண்ணீர் குடிக்க முடியாது, பாத்ரூம் போக முடியாது, கண்ணாடி ஆவி பிடித்து நரம்பு தெரியாது. இதோடு முப்பது பேருக்கு மருந்தும் கொடுத்து, சோறும் ஊட்ட வேண்டும்.

ஒரு அம்மாயி, எழுபது வயசுக்கு மேல். மாஸ்க்கைக் கழற்றினால் ஆக்சிஜன் அளவு சரசரவென்று இறங்கும், மாட்டியிருந்தால் சாப்பிட முடியாது. ஒரு வாய் அரிசி பருப்புச் சோறு, உடனே மாஸ்க், அளவு ஏறும் வரை காத்திருந்து இன்னொரு வாய். அரைக் கிண்ணம் சோற்றுக்கு முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரம் என்னிடம் கிடையாது. பயிற்சி எடுத்து, உடை போட்டு உள்ளே வந்த ஒரு தன்னார்வலப் பெண் உட்கார்ந்து ஊட்டினாள். அம்மாயி பிழைத்து வீட்டுக்குப் போனார். 2021 மே மாதக் கடைசியில் தினசரித் தொற்றில் கோவை சென்னையையே தாண்டியது, 30ஆம் தேதி அன்றைய முதல்வர் ஸ்டாலின் கவச உடை போட்டு ஈ.எஸ்.ஐ. வார்டுக்குள் வந்தார், அதெல்லாம் செய்தியில் வந்தது. எனக்கு அந்த மாதம் என்றால் அந்தக் கிண்ணம்தான் ஞாபகம் வருது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இப்போது அட்டெண்டர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். ஆனால் யாருமே இல்லாமல் வருகிறவர்கள் இருக்கிறார்கள், ஒடிசா, பீகார், ஜார்க்கண்டில் இருந்து மில்லுக்கும் கம்பெனிக்கும் வந்த பிள்ளைகள். எங்கே வலிக்குது என்று நான் கேட்பது அவனுக்குப் புரியாது, அவன் சொல்வது எனக்குப் புரியாது. உங்கள் கம்பெனியிலேயே இந்தியும் ஒடியாவும் தமிழும் பேசுகிற டைலர்கள் இருப்பார்கள் இல்லையா? அவர்களில் ஒருவர் ஓ.பி.யில், அதாவது புறநோயாளி பிரிவில், உட்கார்ந்தால் போதும், எனக்கு அது பத்துப் பெட்டி பழத்துக்குச் சமம். ஊசி, மருந்து, டியூப் எதிலும் கை வைக்க வேண்டாம். நோயாளி சொன்னதை வெளியே பேச வேண்டாம். முதலில் ஆர்.எம்.ஓ.வையும் (ஆஸ்பத்திரியின் நிலைய மருத்துவ அலுவலர்) நர்சிங் சூப்பிரண்டையும் பார்த்து எழுத்தில் அனுமதி வாங்குங்க.

பெருந்துறை பிட்டர்:
அக்கா சொன்னதற்கு மேல் ஒன்றே ஒன்று. நல்ல மனசோடு போனாலும் முதலில் கற்றுக்கொண்டு போங்க. நான் ஒரு பேக்டரியில் மெயின்டனன்ஸ் பிட்டர், 2021இல் சிலிண்டர் மாற்றும் வேலைக்குப் போனேன். எங்களுக்குப் பழக்கம் என்ன, மரை இறுக்கமாக இருந்தால் துளி கிரீஸ் தடவுவோம். ஆக்சிஜன் ரெகுலேட்டரில் எண்ணெயோ கிரீஸோ பட்டால் தீப்பிடிக்கும். முதல் நாளே ஒரு டெக்னீஷியன் என் கையைத் துணியில் துடைக்கச் சொன்ன பிறகுதான் சாவியைத் தொட விட்டார். தெரியாமல் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் நெஞ்சு அடைக்குது.

அங்கே நாங்கள் உருப்படியாகச் செய்தது கணக்குதான். சின்ன சிலிண்டரில் 1,500 லிட்டர். நிமிசத்துக்கு 10 லிட்டர் ஓடினால் இரண்டரை மணி நேரம், 15 ஓடினால் ஒரு மணி நாற்பது நிமிசம். பேக்டரியில் உற்பத்தி எழுதுகிற போர்டு மாதிரி ஒன்று வைத்து, எந்தப் படுக்கைக்கு எத்தனை மணிக்கு மாற்ற வேண்டும் என்று கால் மணி நேரம் முன்னாடியே வரும்படி எழுதினோம். அதற்கு அப்புறம் சிஸ்டர்கள் ஒவ்வொரு மீட்டராக ஓடிப் பார்க்கிற அலைச்சல் நின்றது. உங்கள் ஆட்களுக்குக் கம்பெனியில் எது கைவந்த வேலையோ, அதில் இருந்து ஆரம்பிங்க.

கோபிக்காரி:
என் அப்பா அந்த மே மாதம்தான் போனார். ஒன்பது நாள் உள்ளே இருந்தார், நாங்கள் வாசலில். உள்ளே என்ன நடக்குது என்று ஆஸ்பத்திரியில் யாரும் நின்று பதில் சொல்லவில்லை, அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை. ஏதோ ஒரு கம்பெனி பனியன் போட்ட பையன் மட்டும் தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒரு நோட்டோடு வெளியே வருவான். "அக்கா, இன்னைக்கு ரெண்டு இட்லி சாப்பிட்டாருங்க. மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சான்னு கேட்டாருங்க." ஆக்சிஜன் அளவு 88, 85 என்று சொல்வதில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாட்டைப் பற்றிக் கேட்டார் என்றதும் அப்பா அப்பாவாகத்தான் இருக்கிறார் என்று புரிந்தது. கடைசி நாளும் அந்தப் பையன் வந்தான், நோட்டைத் திறக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். பெயர் கேட்கத் தோணவில்லை எனக்கு. அண்ணா, உங்கள் ஆட்களுக்கு வேறு எதுவும் கிடைக்காவிட்டால் இந்த நோட்டு வேலையைக் கொடுங்க. ஐ.சி.யூ. வாசலில் இன்றைக்கும் ஆட்கள் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

காங்கேயம் ரோடு:
எனக்கு இதில் ஒரு மாற்றுக் கருத்து இருக்குங்க. நர்ஸ் போதவில்லை என்றால் அரசாங்கம் ஆள் எடுக்க வேண்டும், பனியன் கம்பெனி டைலரை வைத்து ஒப்பேற்றக் கூடாது. இன்னொன்று, "விருப்பப்பட்டவர்கள்" என்று ஆரம்பிப்பது மூன்றாம் மாதம் ஆபீசில் இருந்து பெயர்ப் பட்டியலாக வரும். சனிக்கிழமை சம்பளம் வாங்கும் ஆள் மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்? அதை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்க.

அப்புறம், ஆஸ்பத்திரி மட்டும்தான் இடம் என்று இல்லை. கொரோனா நேரத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்கப் போக முடியாமல் எத்தனை பேர் சிரமப்பட்டார்கள். 2021 ஆகஸ்ட் 5இல் அரசாங்கம் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருது, பிசியோதெரபியும் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கான சிகிச்சையும் உண்டு. ஆனால் ஆள் வந்து போன பிறகு மிச்ச நாள் முழுக்க அந்தப் பெரியவர் தனியாகத்தானே கிடக்கிறார். உங்கள் தெரு செவிலியரிடம் கேட்டால் வீடு காட்டுவார்.

நொய்யல்கரை:
எல்லோருக்கும் நன்றிங்க. கோபி அம்மணி, உங்கள் பதிலை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் செக்கிங்கில் சத்தமாகப் படித்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எங்கள் ஆட்களும் அன்றைக்குக் கம்பெனி பனியன்தான் போட்டிருந்தார்கள், ஆனால் நீங்கள் சொல்லும் பையன் எங்கள் ஆள்தானா என்று தெரியவில்லை.

ஒடிசா டைலர்கள் இரண்டு பேர், தமிழ் நன்றாகப் பேசுவார்கள், வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். வராதவர்களிடம் காரணம் கேட்கக் கூடாது என்று முதலாளியிடம் எழுதி வாங்கிவிட்டேன். நர்ஸ் அக்கா, ஓ.பி.யில் எந்தக் கிழமை கூட்டம் அதிகம்?

வார்டுபக்கம்:
திங்கட்கிழமைங்க அண்ணா. காலை ஏழரைக்கே சீட்டு வரிசை ஆரம்பித்துவிடும். ஆனால் ஆர்.எம்.ஓ.வைப் பார்க்கத் திங்கட்கிழமை வராதீங்க, புதன் மத்தியானம் வாங்க, உட்கார வைத்துப் பேசுவார்.